கண் போன மீன்கள்

பழைய இரும்புக் கடையில் வேலை செய்கிறவனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அந்த நாளிலும் மழை கொட்டித் தீர்த்தால், இரண்டு வாண்டுகளை ஒற்றை அறைக்குள் வைத்து மேய்ப்பது இரும்பு வெட்டுவதைவிடப் பெரும்பாடு. மனைவி இஸ்திரிக் கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். பெரியவளுக்கு வயது ஆறு, வாய் மட்டும் அறுபது. சின்னவனுக்கு இரண்டரை. உருண்டையாக இருப்பதால் வீட்டில் அவன் பட்டாணி.

"அப்பா, போரடிக்குது."

"குட்டிக்கரணம் போடட்டுமா?"

"போன வாரம் போட்டு இடுப்பு பிடிச்சுக்கிட்டு அம்மாகிட்ட திட்டு வாங்குனியே, மறந்துட்டியா?"

சரி என்று செருப்புப் பெட்டியைக் கிழித்து மீன் வெட்ட உட்கார்ந்தான். பெரியவள் வண்ணம் தீட்டினாள். துணி ஊறவைக்கிற நீலத் தொட்டி கடலானது. துடைப்பக் குச்சியில் நூல் கட்டித் தூண்டில் செய்தான்.

இந்த விளையாட்டில் எல்லோரும் தூண்டிலில் காந்தத்தைக் கட்டுவார்கள், மீன் வாயில் கிளிப்பைச் செருகுவார்கள். இவன் வீட்டில் கிளிப் ஏது? உடைந்த பொம்மைகளிலிருந்து கடையில் கழற்றிப் போட்ட காந்தம்தான் சட்டைப்பை நிறைய இருந்தது. உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆனால் பேய்ப்பிடி பிடிக்கும். அதையே மீனுக்குக் கண்ணாகப் பசை தடவி ஒட்டினான். தூண்டில் நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டினான். நட்டை இறக்கினால் மீன் ஓடிவந்து ஒட்டியது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அவனுக்கே தலைகால் புரியவில்லை.

கூரை ஒழுகுகிற மூலையில் வாளி நிரம்பி வழிந்தது. அதைக் கொட்டிவிட்டு வருவதற்குள் சிவப்பு மீனுக்கும் மஞ்சள் மீனுக்கும் கண் இல்லை.

"கண்ணு எங்கடி?"

"பட்டாணி தின்னுட்டான்."

"விளையாடாத."

"நிஜமாப்பா. அவன்தான் திமிங்கலம். நான் ஊட்டிவிட்டேன்."

பட்டாணி வாயைத் திறந்து காட்டினான். உள்ளே ஒன்றுமில்லை.

போன மாதம்தான் கடையில் அப்படி இரண்டு காந்தம் அவன் விரல் தோலுக்கு இரண்டு பக்கமும் வந்து கவ்விக்கொண்டன. பிரித்தெடுப்பதற்குள் தோல் கறுத்துவிட்டது. விரலுக்கே அந்தக் கதி என்றால் குடலுக்கு? அதற்கு மேல் அவனால் நினைக்க முடியவில்லை. பிள்ளையைப் பாயில் படுக்கவைத்து, தூண்டிலை எடுத்து அந்தச் சின்ன வயிற்றுக்கு மேல் பிடித்தான். மூச்சை அடக்கிக்கொண்டான். நட்டு ஒருபக்கமாக அசைந்தது. உள்ளேயிருந்து இழுக்கிறதா, தன் கைதான் நடுங்குகிறதா, தெரியவில்லை.

"மீனு, மீனு," என்று பட்டாணி கெக்கலித்தான்.

வெளியே வந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. வழவழவென்று எதையாவது கொடுத்தால் அதோடு சேர்ந்து இறங்கிவிடும் என்று அவனாகவே முடிவு செய்தான். வாழைப்பழத்தை உரித்து ஊட்டினான். இன்னொன்றும் ஊட்டினான்.

மனைவி நனைந்துகொண்டே வந்தாள். சொன்னான். செருப்பைக் கழற்றக்கூட இல்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். வயிற்றுக்குள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி வெள்ளையாகத் தெரிந்தன. டாக்டரம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டான்?"

"இப்பத்தாங்க, வாழைப்பழம். அதோட சேர்ந்து கீழ போயிடும்னு..."

"கீழ போகக் கூடாதுங்க. இப்ப இரைப்பையில இருக்கு, வாய் வழியா குழாய் விட்டு எடுத்துடலாம். ஆனா பழத்தோட மயக்கம் கொடுத்தா வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். வயிறு காலியாகணும்."

"அதுக்குள்ள எறங்கிடுச்சுன்னா?"

"குடலுக்குப் போயிட்டா வயித்தத் திறக்க வேண்டியிருக்கும். ஒட்டிக்கிட்டிருக்கிற வரைக்கும் பயம் கம்மி. படம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருப்போம். தண்ணிகூடக் கொடுக்காதீங்க."

நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பட்டாணி தண்ணீர் கேட்டு அழுதான். எதிர்ச் சுவரில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதான். அவன் பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டான்.

"ஏங்க," என்றாள் மனைவி, சுவரைப் பார்த்தபடி. "காந்தத்தக்கூட விட்டுர்றேன். அந்தப் பழத்த எதுக்கு ஊட்டுனீங்க?"

அவன் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்பா, நான் இனிமே யாருக்கும் ஊட்ட மாட்டேன்," என்றாள் பெரியவள்.

"நீ ஒண்ணும் பண்ணலடி. விளையாடக் கொடுத்தது நான்."

"அப்ப அம்மா ஏன் உன்ன அடிக்கல?"

மனைவி பெரியவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த படத்தில் காந்தம் இடம் மாறியிருந்தது. டாக்டரம்மா வேகமாக வந்தார். "இரைப்பையிலேர்ந்து குடலுக்குப் போற வாசல்ல வந்து நிக்குது. இனி காத்திருக்க முடியாது. ஆபத்து இருக்கு, சொல்லிட்டுத்தான் செய்றோம்."

"வயிறு காலியாயிடுச்சாங்க?"

"முழுசா ஆகியிருக்காது."

முகமூடி வைக்கும்போது யாராவது பிள்ளையைப் பிடிக்க வேண்டும் என்றார்கள். மனைவி அவனைப் பார்த்தாள். அவனே போனான். இரும்பைத் தூக்கிய கை, இரண்டரை வயதுப் பிள்ளையின் திமிறலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறியது. "அப்பா, தண்ணி" என்பதுதான் பட்டாணி கடைசியாகச் சொன்னது. பிறகு உடம்பு துவண்டது. தகப்பனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவனுக்கு, உள்ளே யாராவது இருமினால்கூட உயிர் போய் வந்தது. பழம், பழம் என்று அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. ஒரு ஆள் அவசரமாக உள்ளே ஓடினார். மனைவி அவன் சட்டையைப் பிடித்தாள், திட்டுவதற்கா, விழாமல் இருப்பதற்கா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிடித்த பிடியை விடவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தபோது அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

"எடுத்தாச்சு. நடுவுல வாந்தி வந்துச்சு, உறிஞ்சி எடுத்துட்டோம். நுரையீரலுக்குப் போகலன்னுதான் தோணுது. நாளைக்கு வரைக்கும் பார்க்கணும்."

கும்பிட நினைத்தான். கை மேலே வரவில்லை.

பட்டாணி கண் விழித்ததும் கம்மிய குரலில் மறுபடி தண்ணீர் கேட்டான். நர்ஸ் ஒரு கிண்ணத்தையும் ஸ்பூனையும் தகப்பன் கையில் கொடுத்தார்.

"கொடுக்கலாங்களா?"

"கொடுங்க."

"நிஜமா கொடுக்கலாங்களா?"

"அட, அதான் சொல்றேன்ல, கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க."

ஸ்பூனில் தண்ணீரை மொண்டான். பிள்ளையின் உதடு வரை கொண்டுபோனான். அங்கேயே கை நின்றுவிட்டது. மனைவியிடம் ஸ்பூனை நீட்டினான்.

"நீயே கொடும்மா," என்றான்.