வேலிக்கு வெளியே ரோஸா

தனக்கு முதலில் பிறந்தது ஆணா பெண்ணா என்பது கோர்ரிக்கு ஐம்பத்தைந்து வருடங்களாகத் தெரியாது.

பிரசவம் வீட்டில்தான் நடந்தது. குழந்தை அழவில்லை. மருத்துவச்சி கோர்ரியின் கண்ணுக்கு நேரே ஒரு துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்கு அந்தப் பக்கம் டாக்டர் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். பார்க்காமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது, அடுத்த வருஷமே இன்னொன்று பிறந்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்றார். பிராபண்ட் மாகாணத்துக் கிராமங்களில் அன்று இப்படிப் பெற்றவர்கள் எல்லோருக்கும் சொன்னதுதான். பால் வற்றட்டும் என்று மருத்துவச்சி அவள் மார்பை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

கோர்ரியின் கணவன் டோன் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கிருந்து கொண்டுவந்த ஒரு மரப்பெட்டியைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டி, கல்லறைத் தோட்டத்துக்கு ஓட்டிப் போனான். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்று பாதிரியார் சொல்லியனுப்பியிருந்தார். அதனால் வேலிக்கு வெளியே புதைத்தார்கள். டோன் திரும்பி வந்து வெகுநேரம் கை கழுவினான். என்ன குழந்தை என்று படுக்கையிலிருந்தபடி கோர்ரி கேட்டதற்கு, டாக்டர் சொன்னதைக் கேள் என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

மார்லூஸ் பிறந்தாள், அவளுக்குப் பின் ஒரு மகன். அவர்கள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனார்கள். அக்காவோ அண்ணனோ ஒருவர் இருந்தது இரண்டு பேருக்குமே தெரியாது. ஒவ்வொரு பிறந்தநாளிலும் உறவினர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது, எத்தனை பிள்ளைகள் என்று யாராவது புதிதாக வந்தவர் கேட்டால், இரண்டு என்று சொல்லிவிட்டுக் கோர்ரி கேக் வெட்டப் போய்விடுவாள்.

சட்டம் மாறிய செய்தியை அவள் வானொலியில்தான் கேட்டாள். இறந்தே பிறந்த குழந்தைகளின் பெயரையும் பெற்றோர் இனி மக்கள் பதிவேட்டில் சேர்க்கலாம், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி என்றார்கள். டோன் எதிரே உட்கார்ந்து காபியில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தான். கோர்ரி எழுந்து வானொலியை நிறுத்தினாள்.

"டோன், அது பையனா பொண்ணா?"

எதைக் கேட்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. பிஸ்கட் ஊறி உடைந்து காபிக்குள் விழுந்தது. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விட்டான். மதியச் சாப்பாட்டுக்கும் வராததால் கோர்ரி கோட்டைப் போட்டுக்கொண்டு அங்கே போனாள். கவிழ்த்து வைத்த வாளி மேல் அவன் உட்கார்ந்திருந்தான்.

"பொண்ணு" என்றான்.

"நீ பாத்தியா?"

"கால்வாய்க் கரையில சைக்கிளை நிறுத்தினேன். பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருந்தாங்க. திறந்துட்டேன். தலை நிறைய கறுப்பு முடி, உனக்கு இருந்த மாதிரியே. கன்னத்தைத் தொட்டேன்." உள்ளங்கையைக் குழித்துக் காட்டி, "அப்புறம் கால்வாய்த் தண்ணியை எடுத்து நானே நெத்தியில ஊத்தினேன். ரோஸான்னு பேர் வச்சேன். பாதிரியார்கிட்ட சொன்னதுக்கு அது செல்லாதுன்னுட்டார்" என்றான்.

கோர்ரி மண்வெட்டிகள் மாட்டியிருந்த சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வந்தது வேறு.

"பேர் வச்சிருக்க. மனசுக்குள்ள கூப்பிட்டும் இருக்க, இல்லையா?"

அவன் தலையசைத்தான்.

"இத்தனை வருஷமா உனக்கு ஒரு ரோஸா இருந்திருக்கா. எனக்கு ஒரு துணிதான் இருந்துது, டோன். அந்தத் துணியைத்தான் நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன்."

"நான் பெத்தவ. தாங்குவேனா மாட்டேனான்னு என்னைக் கேட்டிருக்கணும்."

அன்றிலிருந்து பல நாள் அவள் அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. இடத்தையாவது காட்டு என்றபோது கூட்டிக்கொண்டு போனான். வேலி இருந்த சுவடே இல்லை. கல்லறைக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்த அங்கே செங்கல் பாவியிருந்தார்கள். பாவிய காலத்தில் வேலை முடிந்து வரும் வழியில் தினமும் நின்று பார்த்துவிட்டு வந்ததாக டோன் சொன்னான். தன் தாயின் கல்லறைக்குப் பூ வைக்க வரும்போதெல்லாம் அதே இடத்தில்தான் கோர்ரி சைக்கிளைச் சாய்த்து வைத்திருக்கிறாள். அவள் குனிந்து கையுறையைக் கழற்றிவிட்டு ஈரச் செங்கல்லைத் தொட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள், எழுந்ததும் விட்டுவிட்டாள்.

நகராட்சிக்கு மார்லூஸ் காரில் அழைத்துப் போனாள். விஷயத்தைக் கேட்டதிலிருந்து அவளுக்கு வண்டியோட்டும்போதெல்லாம் கண் நிறைந்துகொண்டே இருந்தது. "அப்பா, எனக்கு ஒரு அக்கா இருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள். டோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கவுன்ட்டரில் இருந்த இளம்பெண்ணிடம் பெயரைச் சொல்ல வேண்டிய நேரம் வந்தபோது டோன் வாயைத் திறந்தான். கோர்ரி அவன் கை மேல் கை வைத்து நிறுத்தினாள்.

"ரோஸா" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அதை உரக்கச் சொன்னாள். "ரோஸா கோர்னேலியா." கோர்ரி என்று சுருங்கிப்போன அவளுடைய சொந்தப் பெயர்தான் அந்த இரண்டாவது பெயர்.

அந்தப் பெண் பதிந்து முடித்தாள். இதற்கு என்ன சொல்வது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கவில்லை போலும். தயங்கியபடி எழுந்து, கவுன்ட்டரைச் சுற்றி வந்து கையை நீட்டினாள்.

"உங்களுக்குப் பொண்ணு பிறந்ததுக்கு வாழ்த்துகள், அம்மா" என்றாள். டோனுக்கும் கை கொடுத்தாள். "உங்களுக்கும், ஐயா."

எண்பத்திரண்டு வயது டோன் நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வரிசையில் நின்றவர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். கோர்ரிக்கு அவனை மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை. வராமலே போகலாம் என்றும் தோன்றியது. ஆனாலும் அவன் கோட்டின் மேல் பட்டனைப் போட்டுவிட்டாள். வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது.

காரில் பின்இருக்கையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள். "கன்னம் எப்படி இருந்துது?"

"சில்லுனு இருந்துது, கோர்ரி" என்றான் அவன். "ரொம்பச் சில்லுனு இருந்துது."