அமிர்தராஜ் அம்பாரத்தை மூடிவிட்டார்

மரக்காணத்திலிருந்து வானூர் வரைக்கும் உள்ள மனிதர்களில், அடுத்தவனைப் பார்த்து எதையும் செய்யாதவன் தான் ஒருவன்தான் என்று ரெக்ஸ் அறிவித்தான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆறாவது இட்லியைப் பிட்டபடி, புயல் எச்சரிக்கை படிக்கிற அதிகாரியின் முகத்தோடு சொன்னான்.

"நானெல்லாம் ஆட்டுமந்தை கெடையாது. ஊர்ல ஒருத்தன் தாடி வெச்சா கோயில் பங்கு முழுக்க தாடி வெக்கிறானுங்க. ஒருத்தன் மாடியில ஷீட்டு போட்டா தெரு முழுக்க ஷீட்டு. இப்ப உலகம் சுத்துறது. எவனோ சுத்துனான், போட்டோ போட்டான், உடனே நீங்களும் கெளம்பிட்டீங்க. நான் வரல."

"சட்னி போதுமா?" என்றாள் அவன் அம்மா சூசைமேரி.

அவள் நிதானத்துக்குக் காரணம் உண்டு. பொம்மையார்பாளையத்தில் ரோட்டோரம் கிடந்த அவள் பிறந்தவீட்டு நிலத்தை ஒரு ரிசார்ட்காரர் வாங்கிக்கொண்டார். பங்கு வாங்கிய அண்ணன்மார் இருவரும் கல்யாண மண்டபம் கட்டினார்கள், எதிரெதிராக. சூசைமேரி டீச்சர் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "இருபது வருஷமா மேப்புல குச்சியால தொட்டுத் தொட்டுக் காட்டியாச்சு. இப்ப குச்சி போன எடத்துக்கெல்லாம் நான் ஒரு தடவை போவணும்" என்றாள். கிழக்கே கிளம்பி மேற்கு வழியாக வீடு வந்து சேர்வது. ஒரே நிபந்தனை. "நாலு பேரும் போறோம். ஒரு ஆள் கொறைஞ்சா ஒருத்தரும் போவல."

அப்பா அமிர்தராஜுக்கு இது தோதாகவே இருந்தது. மழைக்காலத்தில் உப்பளம் குளமாகிவிடும். பொங்கல் வரைக்கும் உப்புக்காரனுக்குச் சும்மா இருப்பதுதான் தொழில். அந்தச் சும்மாவை எங்கே போய் இருந்தால் என்ன? ஆனால் ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அங்க அப்போ மழை உண்டா?" உண்டு என்றால் அந்த நாடு கிடையாது. இப்படியே உலகத்தில் பாதியை அடித்துவிட்டார். பனி பார்க்கணும் என்று சூசைமேரி கேட்டதற்கு, "உப்பு அம்பாரம் மாதிரி வெள்ளையா குவிஞ்சு கெடக்கும். விக்க முடியாது. அதுல என்ன பாக்குறது?" என்றார்.

டிக்கெட், ஹோட்டல், விசா எல்லாம் அக்கா லிடியாவின் இலாகா. புதுச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை. சம்பளமில்லாத லீவு வாங்கியிருந்தாள். இரண்டு அரியரோடு கல்லூரியை முடித்த ரெக்ஸுக்கு எந்த லீவும் தேவைப்படவில்லை. வர மாட்டேன் என்றவன், பாஸ்போர்ட் எடுக்க மட்டும் முதல் ஆளாகப் போய் நின்றான்.

"வராதவனுக்கு பாஸ்போர்ட் எதுக்குடா?" என்றாள் லிடியா.

"அடையாள அட்டைதானே" என்றான்.

விசாவுக்கு எதற்குக் கைரேகை வைத்தாய் என்று அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார், "உலகப் பயணம் போகும் குடும்பத்துக்காக" என்று மன்றாட்டு வாசித்தபோது கோயிலே திரும்பிப் பார்த்தது. ரெக்ஸ் தலையைக் குனிந்து, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாதவனைப்போல, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

புறப்பட ஐந்து நாள் இருக்கும்போதுதான் அந்தக் காரியம் நடந்தது. செப்டம்பர் கடைசி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. இன்னும் மூன்று வாரமாவது உப்பு வாரலாம். ஆனால் ஆள் ஊரில் இருக்க மாட்டாரே! அமிர்தராஜ் வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தின்மேல் கீற்று வேய்ந்து, கயிறு கட்டி, மூடிவிட்டு வந்தார்.

அந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம். மழை வருமா வராதா என்று டி.வி.யில் என்ன சொன்னாலும் உப்பளத்துக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அமிர்தராஜுக்கு மூக்கு இருக்கிறது. அமிர்தராஜ் மூடினால் எல்லாரும் மூடுவார்கள். அவ்வளவுதான் வானிலை.

மறுநாள் மாலைக்குள் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஒரு வெள்ளை அம்பாரம் இல்லை. எல்லாம் கீற்று. வாரும் பெண்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வானம் மட்டும் ஒன்றுமே தெரியாததுபோல நீலமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் வீட்டில் பெட்டிகளை எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பு மூட்டை நிறுக்கிற மேடைத் தராசையே லிடியா கூடத்துக்குக் கொண்டுவரச் செய்திருந்தாள். பக்கத்து உப்பளக்காரர் கண்ணாயிரம் உள்ளே வந்தார். பின்னாலேயே, உப்பு வாரும் பெண்களுக்குத் தலைவியான பாப்பாத்தி.

"ஏம்பா அமிர்தராஜ், எப்ப வருது?"

"சனிக்கெழம மத்தியானம், மெட்ராஸ்லேர்ந்து" என்றார் அமிர்தராஜ்.

"ப்ளேனைக் கேக்கல. மழை."

"என்னா மழை?"

"மூடிட்டியே!"

"ஊருக்குப் போறேன், மூடுனேன். அதுக்கென்ன?"

கண்ணாயிரம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நாங்க எல்லாரும் மூடிட்டமே!"

"நல்லா மூடுனீங்க போங்க" என்றாள் பாப்பாத்தி. "வெயில் இப்பிடிக் கொளுத்துது, நாப்பது பொம்பளைங்க வூட்டுல குந்திக்கினு ஒருத்தி தலையில ஒருத்தி பேன் பாக்குறோம். இவரு உலகம் சுத்துறதுக்கு எங்க பொழப்பு சுத்தணுமா மொதலாளி?"

"பிரிச்சிட்டாப் போச்சு. நாளைக்கே பிரிக்கிறேன்."

"பிரிச்சிட்டு நீ போயிடுவ" என்றார் கண்ணாயிரம். "நெசமாவே மழை வந்தா எவன் சொல்றது? உன் மூக்கு ஜப்பான்ல இருக்கும். அத்தனை உப்பும் கரைஞ்சு கடலுக்குப் போவும்."

அமிர்தராஜ் யோசித்தார். தராசின் மேலிருந்த பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்தார். தராசு நூற்று நான்கு கிலோ என்றது.

"அப்போ நான் போவல" என்றார்.

சூசைமேரி இன்னொரு பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைக்க ஆரம்பித்தாள். மடிப்புக் கலையாமல் வைத்தாள். அதைப் பார்க்கத்தான் ரெக்ஸால் முடியவில்லை.

நியாயப்படி இது அவனுடைய வெற்றி. 'அன்னிக்கே சொன்னேன்' என்று சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தான். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அதெப்படி போவாம இருக்க முடியும்? டோக்கியோல எறங்குனதும் கீழ்த்தளத்துல ட்ரெயின், நம்ம ரூம் ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல! ரெண்டாவது நாள் கப்பல்! தேதிக்கோட்டைத் தாண்டுனா ஒரே வியாழக்கெழம ரெண்டு தடவை வரும்பா! ரெண்டு தடவை!"

சூசைமேரி கையில் எடுத்த ஸ்வெட்டரோடு திரும்பிப் பார்த்தாள்.

"நீ வரலன்னியே?" என்றாள் லிடியா.

"பொதுவாச் சொன்னேன்" என்றான் ரெக்ஸ். முகம் சிவந்துவிட்டது. பேச்சை மாற்றுவதற்காக அப்பாவின் பக்கம் திரும்பினான். "அப்பா, அந்த மூக்கு எப்படி வேலை செய்யுது? சொல்லிக் குடுத்துட்டுப் போயிடலாமே. உப்பு வாசனையா, காத்து வாசனையா?"

அமிர்தராஜ் தராசைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மாதா படத்தைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை.

"மூக்காவது முழியாவது. பாப்பாத்தி காயவெச்ச கருவாட்டை உள்ளார எடுத்தான்னா நான் மூடுவேன். இந்தத் தடவை மட்டுந்தான் நானா மூடுனேன்."

எல்லாரும் பாப்பாத்தியைப் பார்த்தார்கள்.

"அய்யய்யோ, எனக்கின்னா தெரியும்? கண்ணாயிரம் அண்ணன் பள்ளத்துல மேயுற மாட்டை மேட்டுக்கு ஓட்டும். அதைப் பாத்து எடுப்பேன்."

எல்லாரும் கண்ணாயிரத்தைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறி, மறுபடி தோளில் போட்டு, மறுபடி உதறினார்.

"அமிர்தராஜ் கீத்து வாங்கி அடுக்குனான்னா மாட்டை ஓட்டுவேன்" என்றார் தரையைப் பார்த்தபடி.

உலகம் உருண்டை என்பதைச் சூசைமேரி இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நிரூபித்து வந்திருக்கிறாள். இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் நிரூபித்ததில்லை.

"அப்போ இத்தினி வருஷம் உப்பு எப்படி பொழைச்சுது?" என்று பாப்பாத்தி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மேல இருக்கிறவன் பாத்துக்கினான்" என்றார் கண்ணாயிரம்.

"அவரு யாரைப் பாத்து?" என்றான் ரெக்ஸ்.

"வாயை மூடுடா" என்றாள் அம்மா. ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"யோவ், நீ போய்ட்டு வாய்யா" என்று கண்ணாயிரம் எழுந்தார். "உன் மூக்கு இங்க இருந்தும் பிரயோசனம் இல்லன்னு ஆயிடுச்சு. நான் அந்த டி.வி. பொண்ணு சொல்றதைக் கேட்டுக்கிறேன். உன் அம்பாரத்தையும் சேத்து நானே மூடுறேன்."

"டி.வி. இல்லாட்டி அண்ணாந்தாவது பாரு அண்ணே" என்றாள் பாப்பாத்தி. "வானம் மேலதான் இருக்குது. டீச்சரம்மா, அந்தப் பனி இருக்குதுல்ல, அதுல நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க. வாரலாமா, வேணாமான்னு நான் பாத்துச் சொல்றேன்."

மறுநாள் காலையில் அமிர்தராஜ் போய்த் தன் கீற்றைப் பிரித்தார். அவர் பிரிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு எல்லாரும் பிரித்தார்கள். மத்தியானத்துக்குள் கரை முழுக்க வெள்ளை. பெண்கள் பாத்திகளில் இறங்கி வாரத் தொடங்கினார்கள். ஸ்வெட்டர்கள் பெட்டிக்குள் திரும்பின. தராசு திருப்தியாக இருபத்துமூன்று என்றது.

சனிக்கிழமை சென்னை விமானநிலையத்தில் நால்வரும் வாசல் எண்ணைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றது. இவ்வளவு பெரிசா என்று அமிர்தராஜ் மூன்று தடவை கேட்டார். சூசைமேரி கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் விடப்பட்ட பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். விமானம் ஏற இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

எதிர் வரிசையில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். கால் மரத்துப் போயிருக்கலாம். உடனே அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள் போய் நின்றாள். அப்புறம் ஒரு குடும்பம். அப்புறம் அரை மண்டபம்.

"பாத்தீங்களா மந்தையை?" என்றான் ரெக்ஸ். "சீட்டு நம்பர் போட்டுக் குடுத்துருக்கான். துண்டு போட்டா எடம் புடிக்கப் போறானுங்க? டவுன் பஸ்ஸா இது?"

"நீ சொல்றதும் சரிதான்" என்று அமிர்தராஜ் வசதியாகச் சாய்ந்துகொண்டார். லிடியா போனில் மூழ்கிவிட்டாள்.

வரிசை நீண்டது. காபிக் கடையைத் தாண்டி வளைந்தது. ரெக்ஸ் ஒரு காலை ஆட்டினான். பிறகு இரண்டு காலையும் ஆட்டினான்.

"தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்தான்.

தண்ணீர் இடது பக்கம் இருந்தது. ரெக்ஸ் வலது பக்கமாக நடந்து, வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றான். பாஸ்போர்ட்டைப் போட்டோ இருந்த பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டான். முன்னால் இருந்தவர் அரை அடி நகர்ந்தார். அவனும் அரை அடி நகர்ந்தான்.