மோரிஸ் மைனரின் கைப்பிடி

சர்ச்சில் தாலி கட்டி வெளியே வந்தால், பெருங்கடவிளையில் என் வீட்டுக்குப் போக நான் வாடகைக்கு எடுத்த புத்தம்புதுக் கார் கிளம்பவே இல்லை. பக்கத்தில் மணப்பெண் ஜின்சி வந்திறங்கிய மோரிஸ் மைனர் நின்றது. எழுபது வயதுக் கார். வாங்கியதும் பழுதுபார்ப்பதும் அவளேதான். "கல்யாணத்துக்கு அந்தத் தகர டப்பா வேண்டாம்" என்று சொன்ன புத்திசாலி நான்.

அதன் பேட்டரியும் சோர்ந்திருந்தது. ஜின்சி டிக்கியிலிருந்து எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை எடுத்துக் காரின் முன்பக்கத் துளையில் செருகினாள். நான் வீரமாகப் போய்ப் பிடித்தேன்.

"பெருவெரல சுத்திப் பிடிக்காதீங்க. கைப்பிடி திருப்பி அடிச்சா ஒடியுமாக்கும்!" என்றாள் ஜின்சி.

பூச்செண்டை என் கையில் திணித்துவிட்டு, வெள்ளைப் பட்டு முந்தானையை இடுப்பில் செருகி ஒரே சுற்று சுற்றினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

போட்டோகிராபர் ஓடிவந்தார். "மாப்பிள்ளை, கொஞ்சம் மாறி நில்லும். காரும் பெண்ணும் மட்டும் போதும்."

பூச்செண்டோடு ஒதுங்கினேன். நானும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.