கடைசி நிறுத்தத்தில் திரும்பும் பழக்கம்

பெட்ரோல் நிலையத்தின் கூரைமேல் நின்ற பிளாஸ்டிக் குதிரைக்கு ஒரு காது இல்லை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று, வேனிலிருந்து இறங்கிய மூவரில் எக்ஸ்ரே எனப்பட்டவளுக்குத் தோன்றியது. ஒரே முதலாளி நாலைந்து ஊரில் நிலையம் நடத்துவார், எல்லாவற்றிலும் குதிரை வைத்திருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எல்லாக் குதிரைக்கும் அதே காது எப்படிப் போகும் என்பதற்குத்தான் சமாதானம் கிடைக்கவில்லை.

கல்லாவில் இருந்த பெண் இவர்களைக் கண்டதும் மேசைக்கடியில் குனிந்து ஒரு வைக்கோல் தொப்பியை எடுத்து வைத்தாள்.

"நேத்துக் குளியலறையில விட்டுட்டுப் போயிட்டீங்கக்கா. இதுக்காகவா இவ்வளவு தூரம் திரும்பி வந்தீங்க?"

பேக்கரி எனப்பட்டவள் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அது அவளுடையதுதான். பிறகு வாசலுக்கு வந்து, தாங்கள் வந்த சாலையைப் பார்த்தாள், போகவேண்டிய சாலையைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலவே அறுத்த வயலுக்கு நடுவே கோடு கிழித்தாற்போல் கிடந்தன.

"ஏண்டீ," என்றாள் மெதுவாக, "நாம எந்தப் பக்கம் போய்க்கிட்டிருக்கோம்?"

மூவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள். வேலைக்குப் போன நாளிலிருந்து அறுபதைத் தாண்டியும், அந்த வேலையை வைத்து வந்த பட்டப்பெயர் தவிர வேறெதையும் சொல்லி ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டதில்லை. பைலட் இருபத்தெட்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள். பேக்கரி மாவு பிசையும் வேலையைப் போன வருடம்தான் மருமகளிடம் ஒப்படைத்தாள். எக்ஸ்ரே மருத்துவமனையில் படம் எடுத்தவள். பைலட் வீட்டைக் காலிசெய்துவிட்டு நாட்டின் மறுகரையில் இருக்கும் மகள் வீட்டோடு தங்கப் போகிறாள் என்றதும், ரயிலில் எதற்கு, ஒரு பழைய வேனில் கூடாரம் போட்டுக்கொண்டே போகலாம் என்று மூவரும் கிளம்பினார்கள். ஆறு நாள் கணக்கு. இது நாலாவது நாள். மேற்கே போகவேண்டியவர்கள் காலை ஏழு மணிக்கு ஏரிக்கரை முகாமிலிருந்து புறப்பட்டு இரண்டரை மணி நேரம் கிழக்கே வந்திருந்தார்கள்.

"காலைல இருந்து மூஞ்சில வெயில் அடிச்சுதே, யாருக்கும் உறைக்கலையா?" என்றாள் எக்ஸ்ரே.

"உறைச்சுது. அதான் துண்டைக் கட்டினேன்," என்றாள் பேக்கரி. "நீ வழிகாட்டி சீட்டுல உக்காந்து என்ன பண்ணின?"

"ஊர்ப் பலகையப் பார்த்தேன். நேத்துப் படிச்ச பேரா இருந்துது. வரைபடத்துல பார்த்திருப்பேன்னு நெனச்சேன்."

பைலட் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் வெட்கம் மாதிரி ஒன்று வந்து, அதன்மேல் சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"கடைசி நிறுத்தம் வந்தா வண்டியத் திருப்பணும். இருபத்தெட்டு வருஷம் அதான பண்ணினேன்? ஏரிக்கரையில வண்டி நின்னுச்சு, ஆளுங்க எறங்கினீங்க, ஏறினீங்க. கை தானா திருப்பிடுச்சு."

பேக்கரி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, குதிரையின் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லவேளை, ஒவ்வொரு நிறுத்தத்திலயும் நின்னு டிக்கெட் கேக்காம விட்டாளே."

எக்ஸ்ரேவும் சிரித்தாள். பாதியில் நின்றுபோனது. கைப்பைக்குள் இருந்த கைபேசியில், கிளம்புவதற்கு முந்தின நாள் பைலட்டின் மகள் அனுப்பிய செய்தி இருந்தது. எக்ஸ்ரே இன்னும் அதற்குப் பதில் போடவில்லை.

'சித்தி, அடுத்த மாசத்துலேர்ந்து ரெட்டைப் பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அம்மாவே கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாங்க. ஆனா போன்ல ஒரே விஷயத்த ரெண்டு தடவ கேக்கறாங்க. நீங்க கூடவே இருக்கீங்க. பார்த்துச் சொல்லுங்க, ஓட்ட விடலாமா?'

வண்டி திரும்பி மேற்கே ஓடியது. பைலட்டின் கைகள் எப்போதும்போல் ஸ்டீயரிங்கில் படிந்திருந்தன. லாரியைத் தாண்டும்போது கண்ணாடியில் ஒரு பார்வை, தோளுக்குமேல் ஒரு பார்வை, குலுக்கல் இல்லாத திருப்பம். இந்த ஓட்டத்தில் யார் குறை சொல்ல முடியும்? எக்ஸ்ரே பேச்சுவாக்கில் சோதித்துப் பார்த்தாள்.

"உன் பழைய தடத்துல எத்தன நிறுத்தம்?"

"முப்பத்தொண்ணு." பைலட் ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். பதினேழாவதில் நிழற்குடை இல்லாததையும் அங்கே தினமும் திட்டிக்கொண்டே ஏறும் தையல்காரியையும் சேர்த்துச் சொன்னாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"புதன்டீ," என்றாள் பேக்கரி பின்னாலிருந்து.

எக்ஸ்ரே வெள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கைபேசியை எடுத்துப் பார்த்தாள். வியாழன்.

அப்படியானால் யாருக்கு மறதி? நேற்றுக் கூடார முளைகள் எங்கே என்று பைலட் இரண்டு முறை கேட்டாள். உப்பு டப்பாவை முகாமில் மறந்தவள் பேக்கரி. வழியைப் பார்க்கச் சொல்லி உட்காரவைத்தும் பார்க்காதவள் எக்ஸ்ரே. மூன்று கிழவிகளும் சேர்ந்து செய்த தப்பை ஒருத்தி தலையில் கட்டுவது நியாயமா என்று நினைத்தபோது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த நிமிடமே அந்த ஆறுதல் சௌகரியமாக இருப்பதாலேயே சந்தேகமாகவும் இருந்தது.

முப்பத்து மூன்று வருடம் அவள் படம் எடுத்தாள். மார்பில் நிழலையும் எலும்பில் கீறலையும் மருத்துவருக்கு முன்பே பார்த்தாள். வெளியே சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே "ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "டாக்டர் சொல்வாங்க." விதி அப்படி. அந்த விதிக்குப் பின்னால் நிற்பது வசதியாகவும் இருந்தது. இந்த வேனில் டாக்டர் யாரும் இல்லை. படமும் தெளிவாக விழவில்லை.

சாப்பாட்டுக்கு ஒரு தடவை, பஞ்சர் ஒட்ட ஆள் கிடைக்காமல் மூன்று மணி நேரம் என்று நின்று நின்று, மாலை ஐந்து மணிக்கு அதே ஏரிக்கரைக்கு வந்தார்கள். காலையில் கிளம்பிய அதே இடம். அடுப்புக்கு வைத்த மூன்று கல்லும் அப்படியே இருந்தன. கூடாரம் கிடந்த இடத்தில் புல் இன்னும் நிமிரவில்லை. பேக்கரியின் உப்பு டப்பா மரத்தடியில் கவிழாமல் நின்றது.

பைலட் இறங்கி, இடுப்பில் கை வைத்து, ஏரியைச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்ல இடம்டீ," என்றாள். "நேத்தே இங்க வந்து தங்கியிருக்கலாம்."

பேக்கரி மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தாள். எக்ஸ்ரே பைலட்டின் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே சிரிக்காமல் ஜோக் சொல்கிறவள் அவள். உதட்டோரம் எப்போதும் துடிக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். இப்போது துடித்ததா? வெயில் கண்ணில் பட்டதால் சுருங்கியதா? பைலட் முளைகளை எடுக்கப் போய்விட்டாள்.

தேநீர் கொதிக்கும்போது எக்ஸ்ரே அவளருகில் போய் உட்கார்ந்தாள். பேக்கரி ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்தே வந்திருக்கலாம்னு சொன்னியே. அது ஜோக்கா?"

"நீ என்ன நெனச்ச?"

"தெரியலடீ. அதான் கேக்கறேன்."

பைலட் கோப்பையை ஊதினாள். "எறங்கின உடனே ஒரு நிமிஷம் புது இடம் மாதிரிதான் இருந்துது. அப்புறம் அந்தக் கல்லப் பார்த்தேன். பார்த்ததும் ஜோக்காக்கிட்டேன்." ஒரு வாய் குடித்துவிட்டு, "இல்ல, மொதல்லயே ஜோக்குத்தான்னு நெனக்கிறேன். நீ கேட்டுக் கேட்டு எனக்கே குழப்பமாயிடுச்சு," என்றாள்.

பேக்கரியின் கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது.

எக்ஸ்ரே கைபேசியை எடுத்து மகளின் செய்தியைப் பைலட்டிடம் நீட்டினாள். பைலட் அதை வாங்கித் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, முழுவதும் படித்தாள்.

"அஞ்சு நாளா இத வச்சுக்கிட்டுத்தான் என் பக்கத்துல உக்காந்திருக்கியா?"

"ஆமா."

"கிழமை கேட்டது அதுக்குத்தானா? திருட்டுக் கழுத."

"நான் வெள்ளின்னு நெனச்சேன்," என்றாள் எக்ஸ்ரே.

"அப்ப உன்கிட்டயும் பிள்ளைங்கள விடக்கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. கரைமேட்டில்தான் சிக்னல் கிடைத்தது. எக்ஸ்ரே எழுந்து நடந்தபோது பைலட்டும் கோப்பையோடு பின்னாலேயே வந்தாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று எக்ஸ்ரே எதிர்பார்த்தாள். சொல்லவில்லை.

மகள் உடனே எடுத்தாள். "சித்தி, எங்க இருக்கீங்க? அம்மா எப்படி இருக்காங்க?"

"உங்கம்மா பக்கத்துலதான் நிக்கறா, கேட்டுக்கிட்டிருக்கா. இன்னிக்குக் காலைல ரெண்டரை மணி நேரம் வண்டி எதிர்ப் பக்கம் போச்சு. நாங்க மூணு பேருமே கவனிக்கல. ஓட்டறதுல ஒரு குறையும் இல்ல. ஏன் அப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியல, அவளுக்கும் தெரியல."

"அப்ப விடலாமா, வேண்டாமா?"

எக்ஸ்ரேவின் நாக்கு நுனியில் டாக்டர் வந்து நின்றார். அவரை விழுங்கினாள்.

"நல்லா இருக்கான்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லம்மா. சரியில்லன்னு சொல்லவும் மனசு வரல. ஆனா பிள்ளைங்க விஷயம். யாராவது சோதிச்சுப் பார்க்கற வரைக்கும் விடாத."

பைலட் கையை நீட்டிக் கைபேசியை வாங்கினாள்.

"சித்தி சொல்ற மாதிரியே செய்," என்றாள். "பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" பதிலைக் கேட்டாள். இன்னும் என்னவோ பேசினாள். வைப்பதற்குமுன், "பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்றாள். மறந்துபோய்க் கேட்டாளா, பாசத்தில் கேட்டாளா என்று எக்ஸ்ரேவுக்கு விளங்கவில்லை.

இருவரும் கரைமேட்டிலிருந்து இறங்கினார்கள். வேனருகில் வந்ததும் பைலட், "நாளைக்கு யாரு ஓட்டறது? பேக்கரிக்கு லைசென்ஸ் கெடையாது," என்றாள்.

"நான் ஓட்டறேன்."

"அப்ப போய்ச்சேர ஒம்பது நாள் ஆகும்."

அவள் ஓட்டுநர் கதவைத் திறந்து, குனிந்து, இருக்கையை இரண்டு படி முன்னால் இழுத்துப் பூட்டினாள். உள்கண்ணாடியைக் கீழே சாய்த்தாள். எக்ஸ்ரே குட்டை. அது கோபமா, சம்மதமா, இருபத்தெட்டு வருடமாக அடுத்த ஓட்டுநருக்கு வண்டியை ஒப்படைத்த பழக்கமா என்று பைலட்டின் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"ஏறி உக்காரு. கால் எட்டுதா?"

எக்ஸ்ரே ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். "எட்டுது."

"அது பிரேக்கு. கிளட்ச்ச மிதி."