மூன்றாம் சுற்றில் விழ வேண்டியவன்

காளியப்பனுக்கு இடது கண் போய் எட்டு மாதமாகிறது. அது அவன் மனைவி கிருஷ்ணம்மாவுக்கு மட்டுமே தெரியும். மலாயாவின் செடெனாக் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும்போது அவன் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கிவிட்டால், அந்தக் காயத்தில் மண்ணை அப்பி மறைப்பாள். ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் அது. வேலைக்கு ஆகாதவர்களை லயத்து வீட்டிலிருந்து கிளப்பி இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரில் போய் இறங்கினால் இவர்களுக்கு ஒண்ட ஒரு குடிசைகூடக் கிடையாது.

ஐயாசாமிக் கங்காணிக்கும் கண் சமாச்சாரம் தெரியாது. பத்து வருஷமாகக் காளியப்பனைக் குத்துச்சண்டைக்கு இழுத்துக்கொண்டு போகிறவர் அவர். அடி இவனுக்கு, மாலை அவருக்கு. ஒரு காலத்தில் இவன் ஏறினால் கொட்டகை அதிரும். இப்போது முப்பத்தெட்டு வயதில் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் வேலைக்கு ஆள் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டில் இவன் பெயரை வாசிக்கச் செய்வது கங்காணிதான். கூப்பிட்டால் போகாமல் முடியுமா?

அந்த ஞாயிறு ஜொகூர் பாருவில் இருபது வயது பிலிப்பினோ ஒருவனுடன் சண்டை. பிலிப்பினோமேல் பந்தயப் பணம் கட்டிவிட்டு, காளியப்பன் தோற்க வேண்டும் என்று கங்காணி முடிவு செய்திருந்தார். அவர் தலைப்பாகையைக் கழற்றியதும் விழ வேண்டும். துரைக்கு முன்னால் தவிர எங்கும் கழற்றாத தலைப்பாகை அது. யார் கண்ணுக்கும் தப்பாது என்று நினைத்தார்.

மூன்றாம் சுற்றில் கழற்றினார். காளியப்பனுக்கு இருந்த ஒற்றைக் கண் எதிராளியின் கைமேல் இருந்தது. கங்காணியைப் பார்க்க முழுத் தலையையும் திருப்ப வேண்டும். திருப்பினான். கூட்டத்தில் அவரைத் தேடுவதற்குள் வலது கண்ணில் குத்து இறங்கியது.

அதற்குப் பிறகு எல்லாம் புகைமூட்டம். கழற்றினாரா இல்லையா தெரியவில்லை. சொல்லாமல் விழுந்தால் தொலைத்துவிடுவார் என்று பயந்து, கடைசி ஆறாம் சுற்று முடியும்வரை நின்று வாங்கினான். இப்படியும் ஒரு விசுவாசம் உண்டா?

“கண்ணு பொட்டையாடா?” என்று சண்டை முடிந்ததும் உள்ளறையில் கங்காணி பாய்ந்தார். கூட வந்திருந்த கிருஷ்ணம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ரெண்டு கண்ணும் போச்சு, இனி விட்டுவிடுங்கள் என்று காலில் விழுந்தாள்.

கங்காணி வாசல் பக்கம் காது கொடுத்தார். வெளியே கூட்டம் விழாத மனிதனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

“கண்ணு இல்லாட்டி என்ன, நிக்கத் தெரியுதுல்ல,” என்றார். “அடுத்த மாசம் செனாய்ல சண்டைக்குப் போலாம்.”

கிருஷ்ணம்மா வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்தாள். காளியப்பன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

“வீட்ட விட்டுக் கிளப்ப மாட்டீங்கல்லங்க?” என்று கேட்டான்.