தீராத செலவு

கொடுத்த பணமெல்லாம் செலவாகிவிடாது. லாரிக்கு ஒரு வருடத்துக்கு இன்சூரன்ஸ் கட்டினால், கடந்துபோன மாதங்களுக்கு உரியது தீர்ந்த செலவு. வரப்போகும் மாதங்களுக்கு உரியது தீராத செலவு. அது சொத்துப் பக்கம் நிற்கும். இதைச் சொன்னால் எங்கள் ஆடிட்டர் ஆபீசுக்கு வரும் முதலாளிகள் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள். பலன் இனி வராது என்று தெரிந்துவிட்டால் அதை நஷ்டத்தில் எழுத வேண்டும் என்றால் மட்டும் முகம் சுருங்கிவிடும். “இன்னும் ஒரு வருசம் பாப்போமே, மேடம்” என்று இழுப்பார்கள். நான் விடமாட்டேன். அழுகின பழத்தையும் சேர்த்துக் கூடை நிறைந்திருக்கிறது என்று சொல்ல நான் எதற்கு?

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த அப்பா முத்திருளன்.

எங்கள் ஊர் வாடிப்பட்டிப் பக்கம். அங்கே விசேஷ வீட்டில் வைக்கும் மொய் அன்பளிப்பு அல்ல. வைத்தவர் வீட்டில் ஒரு விசேஷம் வரும்போது, வாங்கியவர் அதற்கு மேல் கொஞ்சம் போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டும். அப்பா சளைக்காமல் செய்தார். நெல் விற்ற பணம், ஆடு விற்ற பணம், கடைசியில் கிணற்றடி வயலை மொக்கையனுக்கு ஒத்திக்கு விட்ட பணம். அம்மா பாண்டியம்மாள் முணுமுணுத்தால், “எங்க போயிரப் போகுது? முனீசு கல்யாணத்துல அம்புட்டும் திரும்பி வந்துரும்” என்பார். முனீஸ்வரியாகிய நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை. நான் பெரியவளாகி எனக்குச் சடங்கு வைக்க வேண்டிய வருடம் தாத்தா தவறிவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் விசேஷம் என்று எதுவும் நடக்கவே இல்லை.

கல்யாணமும் நடக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். சிலர் நிறத்தைச் சொன்னார்கள், சிலர் ஜாதகத்தை. நாற்பதைத் தொட்டபோது, “இனிமே யாரையும் கூட்டிட்டு வராதீங்கப்பா” என்று சொல்லிவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. கடிக்கிற செருப்பைக் கழற்றிப் போட்ட மாதிரிதான் இருந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பிறகு பாங்கில் கடன் வாங்கி ஒத்தக்கடையில் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். அதே சமயத்தில் மொக்கையன், சித்திரைக்குள் ஒத்திப் பணத்தைத் தராவிட்டால் வயலைக் கிரயம் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு யோசனை வந்தது.

“பால் காச்சுறதப் பெருசா வச்சுருவோம்மா. அதுவும் விசேசந்தான? செஞ்சதெல்லாம் வந்துச்சுன்னா வயல மீட்டுரலாம்.”

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போயின. பந்தல், கறிச்சோறு, மைக், மொய் எழுத இரண்டு பேர் என்று எல்லாம் ஏற்பாடு செய்தோம். ஊரிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கினார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மொய் மேஜைக்கு முதலில் வந்தவர் விருமாண்டிப் பெரியப்பா. அவர் பிள்ளைகள் எல்லோருடைய கல்யாணத்துக்கும் அப்பா பெரிய தொகையாகச் செய்திருந்தார். பெரியப்பா ஒரு குத்துவிளக்கையும் நூற்றியொரு ரூபாயையும் வைத்தார்.

“முத்திருளா, ஒனக்குச் செய்ய வேண்டியது என்ட்டப் பத்திரமா இருக்கு. இன்னைக்கே செஞ்சுட்டா நாளைக்கு நம்ம பிள்ள கல்யாணத்துல சபை வெறிச்சோடிப் போயிரும்ல? மண்டபத்துல வச்சு மொத்தமாச் செய்றேன்.”

“அதான் முறை” என்றார்கள் பின்னால் நின்றவர்கள். அதற்குப் பிறகு வந்த எல்லோரும் அப்படியே செய்தார்கள். குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம், நூற்றியொன்று, “கல்யாணத்துல பாத்துக்குருவோம்ணே.”

அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை, பாசமாகத்தான் சொன்னார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக அவர்களிடம் சொல்லி வைத்தது யார்? அப்பாதான். கேட்டவர்களிடமெல்லாம் “பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்” என்றே சொல்லி வந்திருக்கிறார். இப்போது ஒரு வார்த்தை போதும். என் மகளுக்குக் கல்யாணம் இல்லை, செய்வதை இப்போதே செய்யுங்கள் என்று அவர் சொன்னால் வயல் திரும்பிவிடும்.

நான் அப்பாவையே பார்த்தேன். அவர் கும்பிட்டபடி, “ஆகட்டும்ணே, கல்யாணத்துலயே செய்ங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நேராகப் போய் மைக்கை எடுத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லாத, தாயி.”

“வயலு போயிரும்ப்பா.”

“போகட்டும்.”

அந்தக் கையை உதற முடியாமல் மைக்கை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடக்க முடியாமல் கத்தினேன். “வராத கல்யாணத்த நம்பி அம்புட்டையும் சொத்துன்னு வச்சிருக்கீங்க. அது எப்பவோ தீந்துபோச்சுப்பா.”

“தெரியும்மா. நீ வேணாம்னு சொன்ன அன்னைக்கே தெரியும்.”

“பெறகு ஏன் தடுத்தீங்க?”

அப்பா குத்துவிளக்குகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இன்னைக்கு வாங்கிட்டா அவங்க கணக்கு முடிஞ்சுரும். பெறகு நம்ம வாசப்படிய மிதிக்க அவங்களுக்கு என்ன இருக்கு? எங்க காலத்துக்குப் பெறகு நீ ஒத்தையில கெடப்ப. செய்ய வேண்டிய கடம கழுத்துல கெடந்தாத்தான், நல்லது கெட்டதுக்கு நாலு பேரு ஒன்னைய எட்டிப் பாப்பாங்க.”

குத்துவிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

சித்திரையில் வயலைக் கிரயம் முடித்துக் கொடுத்தோம். பத்திர ஆபீஸ் வாசலில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பேரனின் காதுகுத்துப் பத்திரிகையை நீட்டிவிட்டுப் போனார். அப்பா அதைக் கவனமாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“மொய் செய்ய ஒரு ஆயிரம் இருக்குமாம்மா?”

யாரும் வரமாட்டார்கள் அப்பா, உங்கள் தலை சாய்ந்த பிறகு ஒருவரும் என்னைத் தேடி வரமாட்டார்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.