தொரட்டி ஓய்ந்த பருவம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் விரிப்பு மடிக்கும் கைகள், வெளியே வந்த பிறகும் பேருந்துச் சீட்டையோ முந்தானை நுனியையோ மடித்துக்கொண்டே இருக்கும். அன்று அதற்கும் அவளுக்குத் தெம்பில்லை. விரிப்பு தேய்க்கும் நீராவி உருளைக்கு முன்னால் நின்று நின்று கால்கள் கட்டையாகிவிட்டிருந்தன. முன்வாசல் வழியாகப் போனால் அடுப்பு கூப்பிடும், ஊறவைத்த துணி கூப்பிடும், வீட்டுக்காரரும் கூப்பிடுவார். ஆகையால் வழக்கம்போலப் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், நட்சத்திரப்பழ மரத்தடியில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வாளியின்மேல் உட்கார்ந்தாள். வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த வாளியளவு இடம்தான்.

அதுவும் போகப்போகிறது. மறுநாள் காலை மரம் வெட்டுபவர் வருவதாக ஏற்பாடு.

குற்றம் யாருடையது என்று பார்த்தால் பெரும்பங்கு அவளுடையதே. சருகையும் அழுகலையும் பெருக்கும்போதெல்லாம், "இந்த மரத்துக்கு ஊழியம் பண்ணியே என் இடுப்பு போச்சு" என்று அலுத்துக்கொண்டாள். கணவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டு, வெட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டார். மரத்துக்காகப் பரிந்து பேசவும் வழியில்லை. அதன் பழத்தில் ஒரு துண்டுக்கு மேல் தின்றவர் கிடையாது. அப்படிப் பல் கூசும்.

எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அவர், எதிலும் முந்திக்கொள்பவர். காயில் மஞ்சள் லேசாகத் தட்டியதுமே, கிளி கொத்துவதற்குள் தொரட்டியால் பறித்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிடுவார். அங்கே அது மஞ்சளாகும், இனிக்காது. புளிப்பு இனம் என்று தீர்ப்புச் சொல்லி, கன்று விற்றவனை ஒரு பாட்டம் திட்டி முடிப்பார். இந்தப் பருவத்தில் தோள்பட்டை பிடித்துக்கொண்டு அவரால் வலக்கையைத் தூக்க முடியவில்லை. அவளுக்கோ ஆள் குறைந்த சலவைக்கூடத்தில் இரட்டை வேலை. மரத்தை யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் தோளருகே தாழ்ந்திருந்த கிளையில், தேன் நிறத்தில், விளிம்புகள் பழுப்பேறி, ஒரு பழம் தொங்கியது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. தொண்டை வறண்டிருந்தது, எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பதைவிடப் புளிப்பைப் பொறுத்துக்கொள்வது எளிது. கடித்தாள்.

இனித்தது. களைப்பில் நாக்கு பிசகிவிட்டதோ என்று இன்னொன்றைப் பறித்துத் தின்றாள். அதுவும் இனித்தது. இத்தனை வருடமாக மரத்துக்கு வேண்டியிருந்ததெல்லாம் யாரும் கவனிக்காத சில நாட்கள்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

"வந்துட்டியா? உள்ள வராம அங்க என்ன தவம்?" என்றபடி அவர் பின்கதவைத் திறந்தார்.

"இதத் தின்னு பாருங்க."

"எனக்கென்ன வேண்டுதலா? பல்லு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு."

"மரத்த வெட்ட வேணாங்க."

"நல்லாருக்கே. நீதானே இடுப்பு போச்சுன்னே."

"போனது போனதுதான். இந்த மரமும் போச்சுன்னா, வேலைலேருந்து வந்து நான் எங்க உக்காருவேன்?"

"உள்ள நாற்காலி இருக்கே."

"அதுல உக்காந்தா நீங்க காபி கேப்பீங்க."

அவர் படியிறங்கி அருகே வந்தார். வாளியைப் பார்த்தார், அதன் அடிப்புற விளிம்பு தேய்ந்து வழவழப்பாகியிருந்ததை அப்போதுதான் கண்டார்போலும். பிறகு பழத்தை வாங்கி, எடைக்கல்லைச் சோதிப்பவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு விளிம்பைக் கடித்தார். முகம் சுளிக்கத் தயாராக இருந்தது. சுளிக்கக் காரணம் கிடைக்கவில்லை.

"இது ஒண்ணு தப்பிப் பொறந்திருக்கும்."

அவள் இன்னொன்றை நீட்டினாள். மூன்றாவதை அவரே இடக்கையால் பறித்துக்கொண்டார். சாறு முழங்கைவரை வழிய, கைப்பேசியை எடுத்தார்.

"நாளைக்கு வர வேணாம்ப்பா. இல்ல, வேற ஆளுக்குக் குடுக்கல. மரம் இப்பத்தான் திருந்தியிருக்கு."

திருந்த வேண்டியவர் யார் என்பது அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவர் பதில் சொல்வார், அதற்கு இவள் பதில் சொல்ல வேண்டும். விட்டுவிட்டாள்.

உள்ளே போகும் வழியில், மேல்கிளையில் வெளிறத் தொடங்கியிருந்த ஒரு காயைக் கண்டு, அவர் கை தானாகத் தொரட்டிக்குப் போயிற்று.

"அது அங்கேயே இருக்கட்டும்."

கையை எடுத்துக்கொண்டார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. காலடியில் சருகு கிடந்தது. நாளைக்கும் விழும், பெருக்கத்தான் வேண்டும்.